எனக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க!

"எனக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க!"

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் இருவர் பேசிப் பிரியும்போது இந்த வார்த்தை வராமல் இருக்காது. மற்றவர்கள் "போயிட்டு வாரேன்" என்பதுபோல எங்களுக்கு இது. கோயில் வாசலில், பஸ் நிறுத்தத்தில், ரேஷன் கடை வரிசையில், எங்கும் கேட்கலாம். கேட்டவளும் உடனே, "கண்டிப்பா பண்ணுதேன்" என்று தலையை ஆட்டிவிடுவாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தை என்ன ஆகிறது? அதைப் பற்றித்தான் சகோதரிகளோடு கொஞ்சம் பேசலாம் என்று உட்கார்ந்தேன். (அடுப்பில் பருப்பு வேகிறது. விசில் வந்தால் எழுந்து போய்விட்டு வருவேன்!)

இதைப் படிக்கும் உங்களில் பலர் வேறு மதத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். ஆனால் பிள்ளை பரீட்சை எழுதப் போகும் அன்று, "அக்கா, நீங்க சாமி கும்பிடும்போது எங்க பையனையும் நெனச்சுக்கிடுங்க" என்று நீங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். அதேதான். பிறருக்காகக் கடவுளிடம் பரிந்து பேசுவதை நாங்கள் மன்றாட்டு என்கிறோம். 'திறப்பில் நிற்பது' என்றும் சொல்வதுண்டு. கோட்டைச் சுவர் இடிந்த இடத்தில் ஒரு ஆள் போய் நின்று காப்பதுபோல.

வேதாகமத்தில் இதற்கு எத்தனையோ உதாரணங்கள். சோதோம் பட்டணத்துக்காக ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசுகிறார். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று ஆரம்பித்துப் பத்து வரைக்கும் குறைத்துக்கொண்டு வருவார். காய்க்காரியிடம் நாம் பேசுவதெல்லாம் அதற்கு முன்னால் எந்த மூலைக்கு! ஆனால் எனக்குப் பிடித்தது மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் வரும் நான்கு பேர்தான். திமிர்வாதக்காரன் ஒருவனைப் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம். விடவில்லை, கூரையைப் பிரித்து, இயேசுவின் முன்னால் கட்டிலோடு இறக்கிவிட்டார்கள். தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டே இயேசு அவனிடம் பேசினார் என்று எழுதியிருக்கிறது. (பிரித்த கூரையை யார் வேய்ந்து கொடுத்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை. வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்கு அந்தக் கவலைதானே முதலில் வரும்?)

அந்த நான்கு பேரையும் நான் நேரில் பார்த்ததில்லை. என் மாமியாரைப் பார்த்திருக்கிறேன்.

2003-இல் நான் கல்யாணமாகி வந்தபோது அத்தையின் தலையணைக்குக் கீழே நாற்பது பக்க நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். காலை நாலரை மணிக்கு எழுந்து, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, அதை விரித்து வைத்து முழங்காலில் நிற்பார்கள். புது மருமகளுக்கு ஆசை யாரை விட்டது! நம்மைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். வெறும் எழுத்துகள். 'ம.', 'பெ.', 'செ.' என்று வரிசையாக. சிலவற்றுக்கு எதிரே ஒரு தேதி. சிலவற்றுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

"என்ன அத்தை, பேரை முழுசா எழுதலியா?" என்று கேட்டேன்.

"ஆண்டவருக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?" என்றார்கள்.

சமையலறையிலும் அவர்களுக்கு ஒரு பழக்கம். உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். பிடியரிசி என்று எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம் அது. கலயம் நிறைந்ததும் கோயிலுக்குக் காணிக்கையாகப் போய்விடும். அந்தப் பிடியைப் போடும்போது ஒருவர் பெயரைச் சொல்லிப் போடுவார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்க நேரமேது என்று கேட்கும் இளம் தாய்மார்களுக்கு இதைச் சொல்கிறேன். அடுப்படியில் நின்றபடியே செய்யலாம்.

இப்போது மனசை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

2014-இல் எங்கள் எதிர்வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்திருந்தது. மூன்றாவது முறை உண்டானபோது பயந்துபோய், எங்கள் பகுதி ஜெபக் கூட்டத்துக்கு வரும் ஒரு அம்மாவிடம் மட்டும், "யாருக்கும் சொல்லாண்டாம், ஜெபம் மட்டும் பண்ணிக்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். புருஷனுடைய தாயாருக்குக்கூட அவள் இன்னும் சொல்லவில்லை. அந்த அம்மா என்ன செய்தார்கள்? கூட்டத்தில் எழுந்து ஜெபக்குறிப்பு என்று அறிவித்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கேட்டவர்களில் யாரோ கைபேசியில் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப, அங்கிருந்து இன்னொரு குழுவுக்குப் போக, ஞாயிற்றுக்கிழமைக்குள் நாசரேத்தில் இருக்கும் மாமியார் காதுக்குப் போய்விட்டது. "ஊரெல்லாம் தெரியுது, எனக்குத் தெரியலியே" என்று அந்த அம்மாள் போனில் கேட்ட கேள்விக்கு இந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. கோயிலுக்குப் போனாலோ முன்பின் தெரியாதவர்கள்கூட வயிற்றைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள் சகோதரிகளே, இதை ஜெபம் என்பதா? குடிக்கிற புருஷன், பிரிந்து வந்த மகள், கடன், மனநோய் எல்லாம் 'பாரத்தோடு ஜெபியுங்கள்' என்ற முன்னுரையோடு தெருவைச் சுற்றி வருகின்றன. வம்பு பேசினால் வெட்கமாக இருக்கும். ஜெபக்குறிப்பு என்றால் வெட்கமும் இல்லாமல் போகிறது. எங்கள் கூட்டங்களில் யாரும் வாய் திறந்து சொல்லாத சங்கதி இது. நான் எழுதுவதால் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

அத்தைக்கு அப்போது எழுபத்தி இரண்டு வயது. விஷயம் தெரிந்ததும் ஒரு தூக்குவாளியில் ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். என்ன மாதம், டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கழுவாமல் கிடந்த பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, "ஒனக்காக ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்று அனுமதி கேட்டார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். இரண்டே வரி ஜெபம். வெளியே வந்து படியில் இறங்கும்போது என்னிடம், "ஏட்டி, ஜெபத்துக்குன்னு சொன்னத ஜெபத்துல சொல்லணும். தெருவுல எதுக்குச் சொல்லணும்?" என்றார்கள். அன்று முதல் பிரசவம் வரைக்கும் அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கியது நான்தான். அத்தையின் உத்தரவு!

ஜெபத்துக்குப் பலன் உண்டா என்று சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். டாக்டருக்குப் படிக்கும் என் நாத்தனார் மகன் சொன்னான். அமெரிக்காவில் இருதய பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1802 பேரை மூன்று பிரிவாக வைத்துச் செய்த ஆராய்ச்சி 2006-இல் வெளியானதாம். முன்பின் அறியாதவர்கள், கையில் கிடைத்த பெயரை வைத்து 14 நாள் ஜெபித்தார்கள். ஜெபிக்கப்பட்டவர்களுக்கும் படாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. தனக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று அறிந்திருந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாதவர்களில் 52 சதவீதம்! 'ஜெபக் குழுவைக் கூப்பிடும் அளவுக்கா நம் நிலைமை மோசம்?' என்ற பயம் காரணமாக இருக்கலாம் என்று யோசித்தார்களாம்.

"இப்ப என்ன சொல்லுதீங்க அத்தை?" என்று சிரித்தான். ஆண்டவரைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்றுதான் நான் சொன்னேன். ஆனால் ஒன்று எனக்கு விளங்கியது. நோயாளியின் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று சத்தம் போட்டு ஜெபித்தால், நோயாளி முதலில் பயப்படுவார். மெதுவாக, சுருக்கமாக ஜெபித்துவிட்டு வந்துவிட வேண்டும்.

மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களை மட்டும் கிட்டேயே சேர்க்காதீர்கள். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் அடுத்த தடவை அது கேட்காமல் போகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எசேக்கியா ராஜா ஜெபித்து, அது கேட்கப்பட்ட பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். சுவிசேஷம் எழுதிய லூக்காவும் வைத்தியர்தான்.

திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். நோயுற்ற தாயாரைக் கவனிக்க, டாக்டரான தகப்பனாரின் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, மனைவி பிரசவத்தில் தவிக்கிறாள், வா என்று அழைத்தார்கள். அவளுக்கு வைத்தியம் தெரியாது. ஆண் டாக்டரை அவர்கள் வீட்டுக்குள் விடமாட்டார்கள். இரவெல்லாம் தூங்காமல் ஜெபித்தாள். காலையில் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. ஜெபம் கேட்கப்படவில்லை என்றுதானே நாம் சொல்லியிருப்போம்? அவள் ஊருக்குப் போய் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் பெற்று, அடுத்த வருஷமே திரும்பி வந்தாள். 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்று அவள் ஆரம்பித்த மருத்துவப் பள்ளிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு 2015-இல் பெண் குழந்தை பிறந்தது. இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்த அன்று அத்தை நோட்டை எடுத்து ஒரு எழுத்துக்கு எதிரே தேதி போட்டதைப் பார்த்தேன்.

2019-இல் அத்தை காலமானார்கள். டிரங்குப் பெட்டியில் அந்த மாதிரி நோட்டுகள் பதினொன்று இருந்தன. பழையதிலிருந்து புதியதுவரை எல்லாவற்றிலும் முதல் வரியில் 'க.' என்று ஒரு எழுத்து. எதிரே தேதியே இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டேன், நாத்தனாரைக் கேட்டேன், அத்தையின் தங்கச்சியையும் கேட்டேன். யாருக்கும் யாரென்று தெரியவில்லை. பன்னிரண்டாவது நோட்டு என்னுடையது. முதல் வரியில் 'க.' என்று எழுதி வைத்துக்கொண்டு, நானும் தினமும் அந்த யாரோ ஒருவருக்காக ஜெபித்து வருகிறேன்.