கதவுக்கு ஒரு அலாரம்

எங்க அப்பத்தாவுக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. நடுராத்திரி எழுந்து, "எங்கண்ணன் வீட்டுக்குப் போகணும்"னு வாசல் கதவைத் திறந்துடும். அந்த அண்ணன் இறந்தே இருபது வருஷமாச்சு. பூட்டிப் பார்த்தோம், கதவைத் தட்டித் தட்டி அழுதுச்சு. அதுக்கு மேல அப்பாவுக்கு மனசு வரலை. அதான் பேட்டரியில ஓடுற கதவு அலாரம் ஒண்ணு வாங்கினோம்.

விஷயம் ரொம்ப சிம்பிள்ங்க. நிலையில ஒரு பெட்டி, கதவுல ஒரு காந்தம். பெட்டிக்குள்ள சின்னக் கண்ணாடிக் குழாய்ல ரெண்டு உலோக நாக்கு. காந்தம் பக்கத்துல இருந்தா ஒட்டிக்கும், விலகினா பிரியும், உடனே அலறும். ரீட் சுவிட்ச்னு பேரு. 1936-ல பெல் ஆய்வகத்துல எல்வுட் என்பவர் உருவாக்கியது. (பி.காம். மூளைக்கே புரிஞ்சுது, பாருங்க!)

மாட்டுறதுதான் வேலை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு செ.மீ. தாண்டக் கூடாது. எங்க பழைய நிலை கதவை விட முன்னால துருத்திக்கிட்டு இருக்கும். காந்தத்துக்கு அடியில மரத்துண்டு வச்சு ஒட்டினோம்.

சைரன் சத்தத்துல அப்பத்தா நடுங்கிடுச்சு. அதனால 'டிங் டாங்' பக்கம் தள்ளி வச்சாச்சு. அது உள்ரூமுக்குக் கேக்காது. அப்பா படுக்கையை ஹாலுக்கு மாத்திக்கிட்டார்.

போன வாரம் ரெண்டரை மணிக்கு அடிச்சுது. அப்பா தடுக்கலை. தெருமுனை வரைக்கும் கூடவே நடந்துட்டு, "மாமா ஊர்ல இல்லையாம், காலைல போவோம் வா ஆத்தா"ன்னு கூட்டிட்டு வந்தார்.

மூணு பட்டன் செல், எல்.ஆர்.44. முதலீடு கம்மி, நடைமுறைச் செலவுதான் ஜாஸ்தி! ஞாயித்துக்கிழமை சோதனை என் டூட்டி.