மனை தேடிப் போன கதை

கௌஹாத்தியில் இரயில்வே எழுத்தராகப் பணியேற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சொந்த ஊர் கைவிட்டுப் போயிற்று. வந்த ஊரோ இன்னும் நமதாகவில்லை. நம் சங்கத்தில் இந்நிலையிலுள்ள குடும்பங்கள் பல. ஆதலின், கையில் சிறிது பணம் சேர்ந்ததும், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஷில்லாங்கில் ஒரு சிறு மனை வாங்கிப் போடலாமென்று நாம் ஆசைப்பட்டதை அன்பர்கள் வியக்கமாட்டார்கள். கௌஹாத்தியின் புழுக்கம் நம் இல்லாளுக்கு ஒவ்வவில்லை என்பது ஒரு காரணம். காரணம் இல்லாவிடினும் ஆசை வந்திருக்கும்.

அலுவலக நண்பர் ஒருவர் காசி இனத்தவர். (விசுவநாதர் கோயில் கொண்ட காசி வேறு, இவர்கள் மேகாலயாவின் மலைக்குடியினர்.) அவரிடம் கூறியபோது சிரித்துவிட்டார். பழங்குடியினர் நிலத்தைப் பிறர் வாங்குவதற்கு அரசின் முன் இசைவு வேண்டும். மேகாலயாவில் 1971-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் உண்டு. இசைவு எளிதில் கிட்டாது என்றார். நமக்குச் சினம் மூண்டது. நாமும் இந்நாட்டுக் குடிகள்தாமே, வரி கட்டுகிறோமே, நம் பணத்துக்கு மட்டும் மதிப்பில்லையோ என்று உரக்கவே கேட்டுவிட்டோம். நண்பர் மறுமொழி கூறவில்லை. அடுத்த விடுமுறையில் ஷில்லாங்கிலுள்ள தம் தாய்மாமனிடம் நம்மை அழைத்துச் சென்றார். தாய்வழியே குலம் எண்ணும் அவர்களிடையே தாய்மாமன் சொல்லுக்குத் தனி மதிப்பு.

பெரியவர் தேநீர் தந்தார். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். உம் ஆசைக்குப் பூட்டுப் போட்டவர் எங்கள் போதகர் ஒருவர், தெரியுமா என்று தொடங்கினார். அன்று அவர் கூறியதும், பின்னர் நாம் படித்தறிந்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

ஜேம்ஸ் ஜாய் மோகன் நிக்கல்ஸ் ராய் 1884-இல் ஷெல்லா என்னும் ஊரில் பிறந்தவர். காசி மலையின் தென் சரிவில், சில்ஹெட் சமவெளியை நோக்கியிருப்பது அவ்வூர். ஆரஞ்சும் பாக்கும் சுண்ணாம்புக் கல்லும் அங்கிருந்து இறங்கிச் சென்று சமவெளிச் சந்தையில் விலைபோகும். 1947-இல் எல்லைக்கோடு விழுந்ததும் அச்சந்தை அயல்நாடாயிற்று. மலைமக்களுக்கும் சமவெளியாருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் எவ்வாறு நடக்குமென்பதை அவர் நூலிற் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. தம் மலையில் ஒரு புதிய திருச்சபைக்கு வித்திட்டுப் போதகரானார்; 1921 முதல் அசாம் சட்டமன்றத்திலும் அமர்ந்தார். விடுதலைக்கு முன்னும் பின்னும் கோபிநாத் பர்தலை அமைச்சரவையில் அமைச்சராக இருந்தார்.

சமயத் தொண்டர் சட்டமன்றம் புகுந்தால் அங்கும் மறையுரைதான் நிகழ்த்துவார் என்று நாம் எண்ணியிருந்தோம். இவர் செய்தது வேறு. அரசியல் நிர்ணய சபை அசாமின் மலைப்பகுதிகளை ஆராயப் பர்தலையின் தலைமையில் அமைத்த துணைக்குழுவில் இவரும் உறுப்பினர். அக்குழுவின் ஆய்விலிருந்து பிறந்ததே அரசியல் சட்டத்தின் ஆறாம் அட்டவணை. மலை மாவட்டங்களுக்குத் தனி மன்றங்கள். நிலம், காடு, மணம், வாரிசுரிமை, ஊர்த்தலைமை ஆகியவற்றில் சட்டம் இயற்றும் உரிமை. வெளியார் வட்டிக்கு விடுவதையும் வாணிகம் செய்வதையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் — இவையாவும் அதிலுள்ளன. இவ்வுரிமை தம் சபையாருக்கு மட்டுமன்று. சிலுவையை ஏற்றவருக்கும், முன்னோர் வழிபாட்டை விடாதவருக்கும் ஒருங்கே உரியது.

1949 செப்டம்பரில் இது விவாதத்துக்கு வந்தபோது எதிர்ப்புப் பலமாக இருந்தது. நாடு துண்டாகுமென்றனர் சிலர். மலைமக்கள் சமவெளிப் பண்பாட்டிற் கலந்துவிடுவதே நலமென்றனர் வேறு சிலர். போதகர் எழுந்து, எங்கள் மலையில் தலைவனும் கூலியாளும் ஒன்றாக வயலில் உழைத்து ஒன்றாக உண்கிறார்கள், சமவெளியில் அவ்வழக்கம் உண்டோ என்னும் பொருள்படக் கேட்டார். பந்தி வேற்றுமையைக் கண்ணாற் கண்டு வளர்ந்த நமக்கு அவ்விடத்தைப் படித்தபோது தலை தாழ்ந்தது.

அவரைத் தம் மக்கள் எல்லாரும் கொண்டாடினர் என்று எண்ணிவிட வேண்டா. மன்றத்தின் அதிகாரம் போதாது, ஆளுநரின் கை மேலோங்கியிருக்கிறது என்று மலைமக்களிலேயே பலர் குறை கூறினர். 1959-இல் அவர் மறைந்தார். தனி மாநிலம் வேண்டுமென்ற இயக்கத்தில் அவர்தம் மைந்தர் ஸ்டான்லி நிக்கல்ஸ் ராய் முன்னணியில் நின்றார். 1972 ஜனவரியில் மேகாலயா முழு மாநிலமாயிற்று. தந்தை வகுத்த மாவட்ட மன்றங்களோ இன்றும் இருக்கின்றன.

ஷில்லாங்கிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அயலாராகவே எண்ணப்படும் பிற இனத்தாரின் மனக்குறையை நாம் அறியாமலில்லை. அதைப் பெரியவரிடம் சொல்லியும் பார்த்தோம். அவர் மறுக்கவில்லை. சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, உங்கள் ஊரில் உமக்கு நிலமுண்டா என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. நம் பாட்டனார் காலத்தில் மூன்று காணி நன்செய். ஒரு பஞ்ச ஆண்டில் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறி, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மனிதர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டார். வாங்கியவர் ஊரார் அல்லர். யாவும் சட்டப்படியே நடந்தன. நம் தந்தையார் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்தது அதன் பிறகுதான். இதைச் சொல்லி முடித்தபோது நம் கோப்பையில் தேநீர் ஆறிப் போயிருந்தது. பெரியவர் அதைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினார்.

மனையைப் பற்றி அன்று மேலும் பேசவில்லை. கௌஹாத்திக்குத் திரும்பியதும், போன காரியம் என்னாயிற்று என்று இல்லாள் கேட்டாள். நடந்தவற்றைக் கூறினோம். பணம் இப்போது அஞ்சலகத்தில் இருக்கிறது. பாட்டனாரின் வயலுக்கு அருகே ஏதேனும் ஒரு துண்டு விலைக்கு வருமா என்று ஊரிலுள்ள மைத்துனருக்கு எழுதச் சொன்னாள், எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.