பாத்திரத்தில் வெட்டிய பெயர்கள்

நாட்றம்பள்ளி வட்டாரத்தில் மாட்டுக்கு வரலாறு உண்டு. தை பிறந்தால் எருது விடும் விழா. குறித்த தூரத்தை எந்த மாடு எத்தனை நொடியில் தாண்டியது என்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுப்பார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் முதல் பரிசு வாங்கிய காளை எது என்று கேட்டால் டீக்கடையில் நாலு பேர் சொல்வார்கள். காலனிப் பையன்கள் தார் ரோட்டில் ஓடிய ஓட்டப் பந்தயத்தைப் பற்றிக் கேட்டால், ‘அது இன்னா பெரிய விசயம், புள்ளைங்கன்னா ஓடத்தான் செய்யும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஓடியவர்கள் யார், எங்கிருந்து எதுவரை ஓடினார்கள், எந்த வருஷம்? ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதைத் தேடித்தான் ஒரு வருஷமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

எம்.ஏ. தமிழில் கல்வெட்டு பற்றிப் படித்தோம். மெய்க்கீர்த்தியை வைத்து அரசனின் காலத்தைக் கணிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் காலனியில் கல்வெட்டு இல்லை. எவர்சில்வர் பாத்திரம் இருக்கிறது. எங்கள் பக்கம் பந்தயத்துக்குக் கோப்பை கொடுப்பதெல்லாம் பிற்பாடு வந்த பழக்கம். முன்பெல்லாம் குடம், குண்டான், தட்டுதான் பரிசு. கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். ஒரு வீட்டில் சோத்துக் குண்டானை மூடுகிற தட்டின் விளிம்பில் ‘ஓட்டம் 2ம் பரிசு’ என்றிருந்தது. வருஷம் இல்லை. ஆனால் பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘வ.ஆ. அம்பேத்கர் மா.’ என்று வெட்டியிருந்தது. வட ஆற்காடு மாவட்டத்தை 1989-இல் இரண்டாகப் பிரித்தபோது எங்கள் பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பத்து வருஷம்கூட நிலைக்கவில்லை. வேலூர் மாவட்டம் ஆயிற்று. 2019-இல் அதையும் பிரித்து எங்களைத் திருப்பத்தூர் மாவட்டம் ஆக்கினார்கள். ஆக, அந்தத் தட்டின் காலம் தெரிந்துவிட்டது. அரசாங்கம் எடுத்துவிட்ட பெயர், சாம்பலும் சபீனாவும் போட்டுத் தினம் தேய்த்தும் அந்த விளிம்பில் போகாமல் கிடக்கிறது.

தட்டுக்குச் சொந்தக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். சுண்ணாம்பு தின்ற கால் விரல்களைக் காட்டி, ‘இந்தக் காலோடத்தான் ஓட்னேன். ஷூ எங்க கீது? ஊருக்கே ஷூ தைக்கிற எடம், நம்ம காலுக்கு இல்ல’ என்றார். வெயில் ஏறினால் தார் இளகிப் பாதத்தில் ஒட்டும் என்பதால் விடியற்காலையிலேயே ஓடி முடித்துவிடுவார்களாம்.

‘லாரி வர்ற ரோட்டுல ஏன் பெரியப்பா ஓடினீங்க?’ என்று கேட்டேன்.

‘வேற எங்கடா ஓட்றது? ஊர்த் தெருவுல உட்டானா? பொங்கலுக்கு அவனுங்க புள்ளைங்களுக்கு அங்க பந்தயம் வப்பானுங்க. நாம சைக்கிள்ல போனாலே எறங்கித் தள்ளிக்கினு போவணும். தார் ரோடுன்னா எவன் கேப்பான்? அது கெவுருமெண்ட்டு ரோடு.’

விளையாட்டுப் புத்தகங்களில் சாலை ஓட்டம் என்பது மைதான ஓட்டத்திலிருந்து தூரத்தாலும் தளத்தாலும் வேறுபட்ட ஒரு வகை. எங்களுக்கு அது வகை அல்ல. வேறு தெரு இல்லாததால் வந்த ஓட்டம். சென்னைச் சட்டசபையில் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம், தடுக்கக் கூடாது. அது நிறைவேறி அரசாணையாகவும் வந்தது. அதே வருஷம்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியது. நடக்கிறதுக்கே தீர்மானம் போட வேண்டியிருந்த நாடு இது. பெரியப்பாவும் அவர் கூட்டாளிகளும் அந்தத் தீர்மானத்தைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் அதை அமல்படுத்தியவர்கள் அவர்கள்தான் என்று நான் எழுதுவேன்.

அதற்கு முன் நம்மவர்கள் ஓடவில்லையா? ஓடினார்கள். ஊரில் சாவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல ஓடுவது சேரியின் தலையில் விழுந்த வேலை. பெரியப்பாவின் அப்பா ராத்திரியோடு ராத்திரியாகப் பர்கூர் பக்கம் போய்ச் சொல்லிவிட்டு, விடிந்ததும் பறையடிக்கத் திரும்பியாக வேண்டும். கூலி கேழ்வரகு. ‘அவுரு ஓட்டத்துக்கு எவன் கடியாரம் வச்சான்?’ என்று கேட்டார் பெரியப்பா. அடுத்தவன் சாவுக்கு ஓடிய குடும்பத்தில் தனக்காக ஓடிய முதல் ஆள் அவர்.

ஓடிய தூரம் ஐந்து மைல் என்றார்கள். மைல் கல் இப்போது இல்லை. திரும்பி வந்த இடத்துப் புளியமரமும் நாலு வழிச் சாலைக்குப் போய்விட்டது. அவரை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய் இடத்தை அடையாளம் கேட்டுக்கொண்டேன். பிறகு சைக்கிள் சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டிச் சுற்றுகளை எண்ணினேன். சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர். உலகப் பந்தயங்களுக்கும் சைக்கிள் சக்கரத்தில் எண்ணி பொருத்தித்தான் அளக்கிறார்கள். போகவர 3100 சுற்று, அதாவது 6.8 கிலோமீட்டர். ஐந்து மைலுக்கு 8 கிலோமீட்டர் வர வேண்டும். சொன்னபோது அவருக்குக் கோபம். ‘அளந்து எங்க ஓட்டத்தைக் கொறைக்கிறியா?’ இல்லை பெரியப்பா, அளந்தால்தான் அது ஓட்டம் என்று ஒப்புக்கொள்வார்கள் என்றேன். மராத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர் என்பது வானத்திலிருந்து விழுந்ததில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி அரச குடும்பம் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே முடிய வைத்த தூரம் அது. 1921-இல் அதையே உலகத்துக்கு அளவாக்கினார்கள். அரண்மனைக் கணக்கு செல்லும் என்றால் எங்கள் புளியமரக் கணக்கும் செல்லும்.

யார் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். புனேயில் வெறுங்காலோடு ஓடிய குடியானவர்களை டோராப்ஜி டாட்டா பார்த்தார். அதனால்தான் 1920-இல் ஆண்ட்வெர்ப்புக்கு ஆள் அனுப்பினார்கள். மராத்தானில் 19ஆவதாக வந்த சவுகுலேயின் பெயர் ஏட்டில் இருக்கிறது. எங்கள் ரோட்டை லாரி டிரைவர்கள் பார்த்தார்கள்.

நான் படித்த பாத்திரங்களில் ஒன்றில்கூடப் பெண் பெயர் இல்லை. பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். ‘கம்பெனி வண்டியப் புடிக்கத் தெனம் ஓட்னோமே, அதுக்கு இன்னா பரிசு?’ என்றார். பெயர் ஏறாமல் போவது ஒரு விதம். ஏறிய பெயரை அடித்துவிடுவது இன்னொரு விதம். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி, 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். ஓடியது அவர் கால். அதை எந்தச் சோதனையாலும் இல்லை என்று சொல்ல முடியாது.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு வாங்குகிற வீடுகள் நம்முடையவை. தட்டு எடைக்குப் போனால் எழுத்தும் போய்விடும். போவதற்கு முன் படியெடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வசூல் நோட்டு, போலீசில் பர்மிஷன் கேட்டு எழுதிய மனு எது கிடைத்தாலும் விடாதீர்கள். பந்தயம் எந்தத் தெருவில் தொடங்கியது, எந்தத் தெருவுக்குள் நுழையவில்லை என்று தவறாமல் கேளுங்கள். எங்கள் காலனியில் இதுவரை பதினோரு பாத்திரம் படித்திருக்கிறேன். உங்கள் ஊரில் எத்தனை என்று எழுதுங்கள்.