பெடலுக்கு அடியில் ஒரு கட்டை

பிரேக் பிடிக்காமல் போன வண்டியை மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். கேமரன் மலையிலிருந்து பூ ஏற்றிவரும் என் நண்பருக்கு நேர்ந்தது இதுதான். கிள்ளானில் பூக்கடை வைத்திருப்பவர். வண்டி 1998-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், டீசல். தாப்பா பக்கம் இறங்கும் பழைய சாலையில் வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தவருக்கு, ஓரிடத்தில் பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வண்டியைச் சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி இறுகி நின்றது. வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் முன் சக்கரங்களுக்குப் புதுப் பேட் போட்டு அனுப்பினார்கள். அடுத்த மாதம் அதே மலையில் அதே கதை.

“இது பேட் விசயம் இல்ல, எண்ணெய் விசயம்” என்று தொலைபேசியிலேயே சொன்ன பட்டறைக்காரர் ஒருவர் சுபாங் ஜெயாவில் இருந்தார். அவரைப் பார்க்கப் போகிறேன் என்று நண்பர் சொன்னபோது நானும் கிளம்பிவிட்டேன். பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். என் உயிரை நான் ஒப்படைத்திருக்கும் அந்த எண்ணெயை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பட்டறை யூஎஸ்ஜே 1 தொழிற்பேட்டையில், டயர் கடைக்கும் சாயக் கடைக்கும் நடுவே. பெயரைப் போட வேண்டாம் என்றார்; அண்ணன் என்றே சொல்லிக்கொள்கிறேன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பிறந்தது சீபீல்டு தோட்டம். இன்று சுபாங் ஜெயா என்று நாம் அழைக்கும் இந்த ஊர், 1976 முதல் பால்மரங்களை வெட்டி வீடுகளாக எழுப்பப்பட்டது. தோட்டத்தின் பெயரைத் தாங்கி மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மிஞ்சின. லயத்துக் குடும்பங்கள் பூச்சோங்குக்கும் கிள்ளானுக்கும் கலைந்துபோயின. தகப்பனார் பால் வெட்டிய நிலத்தில் இவர் மாதவாடகை கட்டித் தொழில் செய்கிறார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

வண்டியை ஏற்றி நான்கு சக்கரங்களையும் கழற்றினார்கள். உதவிக்கு ஒரு பையன், பூச்சோங்கிலிருந்து வருகிறவன், படிவம் ஐந்தோடு பள்ளியை விட்டவன். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் மேலே இருக்கும் டப்பாவிலிருந்து பழைய எண்ணெயை அண்ணன் உறிஞ்சி எடுத்தார். புதிய பிரேக் எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். இதிலிருந்து வந்தது கோப்பி ஓ. அதை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி நண்பர் முன்னால் வைத்தார். வாதம் அங்கேயே முடிந்தது.

பெடலை மிதிக்கும் காலின் அழுத்தத்தை எண்ணெய்தான் சக்கரம்வரை சுமந்துபோகிறது. 1921-இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய்ப் பிரேக் வைத்து வந்த காலத்திலிருந்து தத்துவம் ஒன்றுதான்: திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆனால் இந்த எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே வருகிறது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்துவிட்டால் அதே எண்ணெய்க்கு விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரமானபின் 155. நீண்ட மலை இறக்கத்தில் பேடும் டிஸ்க்கும் உரசி எழும் சூடு எண்ணெய்க்கு ஏறும்போது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழி கிளம்புகிறது. ஆவி சுருங்கும். காலின் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோய், பெடல் தரையைத் தொடுகிறது. சூடு தணிந்தால் ஆவி மறுபடி தண்ணீராகிவிடும். தடயமே இருக்காது. நண்பரின் வண்டியைப் பார்த்த முதல் பட்டறைக்குக் கோளாறு தெரியாமல் போனதன் காரணம் இது.

2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். மலைச்சாலை இறக்கம் என்பது இந்த நாட்டில் என்னவென்று அதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

சரக்கு வண்டியாகப் பதிவானவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாய வாகனச் சோதனைக்குப் போயாக வேண்டும். அங்கே சக்கரத்தை உருளைமேல் ஏற்றி, பிரேக் எவ்வளவு விசையோடு பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். எண்ணெய் கொதிக்கும் அளவுக்குச் சூடேறாத வண்டியில் எடுக்கும் அளவு அது. எண்ணெய்க்குள் கரைந்திருக்கும் தண்ணீர் அந்தச் சோதனையில் தெரிய வராது. நண்பரின் வண்டி சோதனையில் தேறிய வண்டிதான்.

இனி வேலை. எண்ணெய் மாற்றுவது என்பது பழையதை வெளியே தள்ளிப் புதியதை உள்ளே இழுப்பது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நிப்பிள் உண்டு. அதில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைப் போத்தலில் விட்டு, பெடலோடு இணைந்த மாஸ்டர் பம்ப்பிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கினார். பழைய வண்டியில் நிப்பிள் துருவேறி இறுகியிருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் தலை ஒடிந்துவிடும். அப்புறம் வீல் பம்ப்பையே மாற்ற வேண்டியதுதான். முந்தின நாளே வண்டியை விடச் சொல்லி, துரு இளக்கும் எண்ணெயைத் தடவி வைத்திருந்தார். “மிதி… பிடி… விடு” என்று அவர் கீழிருந்து சொல்ல, பையன் மேலிருந்து செய்தான். பெடல் அமுங்கியிருக்கும்போது மட்டுமே நிப்பிள் திறக்கும். பையன் காலை எடுப்பதற்கு முன் மூடிவிடும். ஒரு நொடி பிந்தினாலும் வெளிக்காற்று உள்ளே போய்விடும். நடுநடுவே எழுந்து போய் டப்பாவில் எண்ணெய் குறையாமல் நிரப்பினார்.

ஹைலக்ஸ் போன்ற சுமை வண்டியில் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு இருக்கிறது. பின்னால் பாரம் எவ்வளவு என்பதை ஒரு கம்பி வழியே உணர்ந்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அதற்கும் தனி நிப்பிள் உண்டு. அங்கே பலர் கையே வைப்பதில்லை என்றார். அதிலிருந்து வந்தது எல்லாவற்றையும்விடக் கறுப்பு.

என் கண் அகலாமல் நின்றது பெடலுக்கு அடியில் அவர் வைத்த மரக்கட்டைமேல். மூன்று விரல் தடிமன் இருக்கும், ஓரமெல்லாம் தேய்ந்தது. பையன் எவ்வளவு வேகமாக மிதித்தாலும் அந்தக் கட்டை பெடலை அடிவரை போக விடாது. ஏன் என்று கேட்டேன்.

“பழைய மாஸ்டர் பம்ப், தம்பி. தினமும் பாதித் தூரந்தான் உள்ள இருக்கிற ரப்பர் ஓடியிருக்கும். அதுக்கு அந்தப் பக்கம் யாரும் போகாத எடம், துரு புடிச்சிக் கெடக்கும். காத்து எடுக்கிறப்ப அடிவரைக்கும் மிதிச்சா ரப்பர் அந்தத் துருமேல போய்க் கிழிஞ்சிரும். இன்னிக்கு வண்டி நல்லா போவும். ஒரு வாரத்துல பெடல் தானா எறங்கும்.”

இதை அவர் கற்றது கிள்ளானில், துறைமுக லோரிகள் வரும் ஒரு சீனர் பட்டறையில். பதினான்கு வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, பெடல் மிதிப்பதே முதல் இரண்டு வருடமும் வேலை. ஒருநாள் முழுப் பலத்தோடு மிதித்த லோரி மூன்றாம் நாள் பிரேக் இல்லாமல் இழுத்துவரப்பட்டது. தவுக்கே, பட்டறை முதலாளி, அடிக்கவில்லை. பம்ப்பைப் பிரித்து, கிழிந்த ரப்பரைக் கையில் கொடுத்து, மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அதன்பின் அவரே கொடுத்த கட்டைதான் இது. ஹொக்கியன் மொழியும் அங்கே கற்றதுதான். இன்னும் சரளமாகப் பேசுகிறார்.

பிரேக் முடிந்ததும் கிளட்ச். அதன் பக்கம் பட்டறைகள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இந்த வண்டியில் கிளட்ச்சுக்குத் தனி டப்பா. மேல் பம்ப் ஒன்று, கியர்ப் பெட்டியோரம் கீழ் பம்ப் ஒன்று. ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மணிக்கணக்காக மிதித்து மிதித்து, ரப்பர் தேய்ந்த தூள் கீழ் பம்ப்பில் சேறாகப் படிகிறது. முதல் கியர் விழாமல் முரண்டு பிடித்தால் கியர்ப் பெட்டி போய்விட்டது என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணெயை. கிளட்ச் பெடல் நிப்பிள் திறந்ததும் தானாக மேலே வராது. பையன் கால்விரலால் தூக்கித் தூக்கி மிதித்தான். வேலை முடிந்தபின் நண்பர் கியரைப் போட்டுப் பார்த்தார். சத்தமில்லாமல் விழுந்தது.

ஏறக்குறைய அரை நாள் வேலை. கூலியாக எண்பது வெள்ளியும் எண்ணெய்க் காசும் மட்டும் வாங்கினார். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். பேட் மாற்றினால் பேட்டில் லாபம், பம்ப் மாற்றினால் பம்ப்பில் லாபம். எண்ணெய் மாற்றினால் யாருக்கும் கமிஷன் இல்லை. நிறுவன வண்டிகளைப் பட்டறைக்கு அழைத்துவரும் இடைத்தரகர் பில் தொகையில்தான் தன் பங்கைப் பார்க்கிறார். பில் சின்னதாக இருந்தால் அடுத்த வண்டி வேறு பட்டறைக்குப் போகும். ஒரிஜினல் பெட்டி மாதிரியே அச்சடித்த பெட்டியில் போலி ரப்பர் கிட்டுகளைத் தள்ளிவிடும் வியாபாரிக்கு, அது மலைச்சாலையில் பூ ஏற்றிவரும் மனிதனின் பிரேக்குக்குள் போகிறது என்பது தெரியும். தெரிந்தே விற்கிறார். அதை வியாபாரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாற்பது வருடத்துக்கும் மேல் அனுபவமுள்ளவனின் அரை நாள் உழைப்பைவிட, காரில் வந்து கை குலுக்கிவிட்டுப் போகிறவரின் பங்கு அதிகமாக இருக்கும் தொழிலில், வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்?

அண்ணனிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. அதனால் பெரிய நிறுவனங்களின் பட்டறைப் பட்டியலில் இடமில்லை. நாட்டின் திறன் சான்றிதழான எஸ்கேஎம்-ஐ, வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைகளின் ஆதாரத்தைத் தொகுத்துக் காட்டிப் பெறும் வழி ஒன்று இருக்கிறது. பிபிதி என்பார்கள். அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். “ஃபாரம் நெரப்ப யாரு இருக்கா, தம்பி?” என்றார். கோயில் மண்டபம் கட்ட நிதி திரட்டும் நம் சங்கங்கள், ஆளுக்கு ஒரு பட்டறைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க முடியாதா?

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியின் பிரேக் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பில்லை எடுத்துப் பாருங்கள். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். தாண்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கிளட்ச் எண்ணெயையும் சேர்த்துச் சொல்லுங்கள். டப்பா மூடியில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதே வகை எண்ணெய், முத்திரை உடையாத போத்தலாக, உங்கள் கண்ணெதிரே திறக்கப்பட வேண்டும். திறந்து வைத்த பழைய போத்தல் வேண்டாம். அதில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருக்கும். கூலி என்று கேட்பதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.