சுராங்கனி யாருடைய பாட்டு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை ஸ்கூல் ட்ரிப் போன பஸ்ஸில் பிள்ளைகள் கைதட்டி 'சுராங்கனி' படித்தார்கள். தரம் 8 மகன் ஒருவன் கேட்டான்: "சேர், இது சிங்கள ஆக்கள்ட பாட்டுத்தானே, நாங்க ஏன் படிக்கிற?"

சின்னக் கேள்விதான். ஆனால் 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் கடைகள் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவன். சும்மா விட மனம் வரவில்லை.

பாட்டின் கருத்து லேசானது. மீன் கொண்டு வந்திருக்கிறேன் என்று ஒருவன் சுராங்கனியைக் கூப்பிடுகிறான், அவ்வளவுதான். அந்தச் சிங்களப் பாட்டை 1970களில் ஊர் ஊராகப் பிரபலமாக்கியவர் ஒரு தமிழர், ஏ.ஈ. மனோகரன். 1977 இல் அது இளையராஜா இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் தமிழிலும் வந்தது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். திகனக் கலவரத்துக்கு ஆறு கிழமைக்கு முன்னர்.

அதன் தாளம் பைலா. ஆடுவதைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்த பெயர். 1505 இல் இங்கு வந்த போர்த்துக்கேயரின் மெட்டும், ஆபிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரி மக்களின் தாளமும் கலந்து பிறந்தது. பிற்காலத்தில் அதைச் சிங்களத்தில் பரப்பியவர் வொலி பெஸ்தியன் என்ற பொலிஸ்காரர்.

அந்தக் காப்பிரி மக்களின் வாரிசுகள் இன்றும் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இருக்கிறார்கள். நம்ம ஊரால் போகும் ஏ10 ரோட்டிலேயே குருநாகலைத் தாண்டிப் போனால் புத்தளம்தான். அவர்கள் இப்போது பேசுவது சிங்களம். ஆனால் 'மஞ்சா' பாட்டுகளை இன்னும் பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழியிலேயே படிக்கிறார்கள். பேச்சு போய்விட்டது, பாட்டு நிற்கிறது.

ஆர்ஜென்டீனாவின் டாங்கோவும் இப்படித்தான். புவனஸ் அயர்ஸில் ஆபிரிக்க வம்சாவளியினரும், ஐரோப்பாவில் இருந்து பிழைக்க வந்த ஏழைகளும் சேர்ந்து உண்டாக்கியது. பெரிய வீட்டார் முதலில் முகம் சுளித்தார்கள். 2009 இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபாக ஏற்றது.

இசை கூடுமா கூடாதா என்பது உலமாக்கள் சொல்ல வேண்டியது, அதற்குள் நான் வரவில்லை. நான் மகனிடம் சொன்னது இதுதான்: "இது ஒரு ஆக்கள்ட பாட்டு இல்ல மகன். போர்த்துக்கேயர், காப்பிரி, சிங்களவர், தமிழர் எல்லாரும் கை போட்டது. நீங்க படிச்சா நீங்களும் அதுல ஒரு ஆள்."

அவன் விடவில்லை. "அப்ப எங்கட பாட்டு என்ன சேர்?"

ரபான் பாட்டும் உம்மும்மாமாரின் தாலாட்டும் இருக்கிறது என்றேன். ஒன்று படித்துக் காட்டச் சொன்னான். இரண்டு வரிக்கு மேல் எனக்கு வரவில்லை. உங்கள் வீட்டில் பழைய பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் போனில் பதிந்து, கருத்தையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த தவணை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.