பேரல் புரூஃப் பர்பனும் சில சொட்டுத் தண்ணீரும்

பேரல் புரூஃப் பர்பனை, அதாவது பீப்பாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் கலந்து வீரியத்தைக் குறைக்காமல் அடைத்த அமெரிக்க விஸ்கியை, ஒரு மடக்கு குடித்துவிட்டு, "நெருப்பு மாதிரி எரியுதுப்பா" என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எரியத்தான் செய்யும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்கக் கணக்கில் ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்குதான் புரூஃப். பர்பன் 125 புரூஃபுக்கு மேல் பீப்பாய்க்குள் போகக்கூடாது என்பது சட்டம். ஆனால் கென்டக்கி, டென்னசிக் கிடங்குகளின் மேல்தளச் சூட்டில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேற, வீரியம் ஏறிக்கொண்டே போகும். ஜாக் டேனியல்ஸ் 2021இல் வெளியிட்ட காய் ஹில் விஸ்கியில் சில பீப்பாய்கள் 140ஐயே தாண்டின. அந்த அளவுக்கு மேல் போனால் விமானத்தில் கொண்டுபோகவும் அனுமதி இல்லை.

ஊற்றியதும் கோப்பையைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிடுவேன். பிறகு வாயைச் சற்றே திறந்துகொண்டு, மூக்கைத் தள்ளிவைத்து முகர்வேன். ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் நெடியில் மூக்கு மரத்துவிடும். முதல் மடக்கு நாக்கைப் பழக்க மட்டுமே. அதை வைத்து மதிப்பெண் போடுவது அநியாயம். இரண்டாவதில்தான் வனிலா, கருகிய சர்க்கரை, பட்டை, ஓக் மரம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அப்புறம் சில சொட்டுத் தண்ணீர். என்னைப் பொறுத்தவரை உண்மையான தேர்வு இதுதான். எரிச்சல் அடங்கியதும் கசப்பும் மரத்தூள் வாசமும் மட்டுமே மிஞ்சினால், லேபிளில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் அந்தப் பாட்டில் எனக்கு வேண்டாம். ஜிம் பீமின் தலைமை வடிப்பாளராக இருந்த புக்கர் நோ தன் பெயரிலேயே கொண்டுவந்த புக்கர்ஸ் இதில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் வறுத்த வேர்க்கடலை மணம் இன்னும் தூக்கலாக வருகிறது.