வெந்நீர் ஓடும் ஊர்

"தைவானுக்குப் போய் வந்தாயே, என்னென்ன பார்த்தாய்?" என்று காரியாலயத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

"வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்" என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். "அதற்கு விமானம் ஏறுவானேன்? உங்கள் வீட்டில் அடுப்பு இல்லையா?" என்று கேட்டார் எங்கள் ஓவியர். நீங்களும் அதையேதான் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அந்த வெந்நீருக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தைவானின் தலைநகரம் தைப்பே. அதன் வடக்கே, பழைய எரிமலைகளின் அடிவாரத்தில், பெய்டோ என்று ஒரு புறநகர் இருக்கிறது. எரிமலை என்றதும் பயந்துவிடாதீர்கள். மலை சாதுவாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. வயிற்றுச் சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை. அதனால் அந்த ஊரில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊறி ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கேதான் என் அக்கா பன்னிரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். அத்தானுக்குத் தைப்பேயில் உத்தியோகம்.

அக்காவைப் பார்க்கும் ஆசையில் ஓடினேன் என்று எழுதினால் அது பொய். 2021-ம் வருஷம் மே மாதம் எங்கள் அம்மா காலமானாள். கொரோனா தலைவிரித்து ஆடிய சமயம். அக்காவால் வர முடியவில்லை. துக்கத்தில் டெலிபோனில் நான் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். "மனசு இருந்தால் வழி பிறந்திருக்கும், அக்கா. உனக்கு மனசு இல்லை" என்றேன். அவள் பதில் பேசாமல் போனை வைத்தாள். பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொண்டோம். ஆனால் "சௌக்கியமா?" "சௌக்கியம்" என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. ஒரு தை மாதத்தில் அவளே டிக்கெட் வாங்கி அனுப்பி, "பத்து நாள் வந்து இரு" என்றாள். போனேன்.

அக்காவுக்கு ஒரு மழலையர் பள்ளியில் வேலை. ஆகவே பகலெல்லாம் நான் தனியாகவே ஊர் சுற்றினேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. எதிரும் புதிருமாக உட்கார்ந்து என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லையே!

தனியாகச் சுற்றியதில் எனக்குப் பிடித்துப்போனவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு குட்டி ரயில். பெய்டோவிலிருந்து புதிய பெய்டோவுக்கு ஓடுகிறது. நடுவில் நிறுத்தம் கிடையாது. ஏறி உட்கார்ந்து புடவையைச் சரி செய்துகொள்ளுமுன் இறங்க வேண்டியதுதான். இறங்குமிடத்துக்கு அருகே மரத்தால் ஆன பழைய ரயில் நிலையம் ஒன்று நிற்கிறது. ஜப்பானியர் ஆட்சியில், 1916-ல் கட்டியது. 1988-ல் பழைய ரயில் பாதை மூடப்பட்டதும் அதைப் பிரித்து எடுத்துத் தீவின் மத்தியிலுள்ள ஒரு காட்சிக் கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர் ஜனங்கள் விடவில்லை. கேட்டுக் கேட்டு, 2017-ல் திரும்பவும் ஊருக்கே வரவழைத்துவிட்டார்கள். பிறந்த வீட்டுக்கு வந்த பெண்மாதிரி அது பூங்காவின் ஓரத்தில் ஜம்மென்று நிற்கிறது.

இரண்டாவது, நூல் நிலையம். ஓடைக் கரையில், மரங்களுக்கு நடுவே, அதுவும் ஒரு பெரிய மர வீடுபோல இருக்கிறது. 2006-ல் திறந்தார்கள். கூரை மேல் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள். கூரையில் விழும் மழை நீரைச் சேர்த்துச் செடிகளுக்கும் கழிப்பறைக்கும் உபயோகிக்கிறார்கள். எனக்குச் சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இருந்தாலும் அந்தத் தாழ்வாரத்தில் ஒரு படப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் பூராவும் உட்கார்ந்திருந்தேன். கீழே ஓடையில் ஆவி மிதந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி பத்திரிகையை மூக்கில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினாள். என்னைப்போன்ற பத்திரிகைக்காரிக்கு அது பழகிப்போன காட்சிதான்!

மூன்றாவது இடம் எனக்குக் கோபத்தையும் கொடுத்தது, சந்தோஷத்தையும் கொடுத்தது. அது 1913-ல் கட்டிய பொதுக் குளியல் மாளிகை. கீழே செங்கல், மேலே மரம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே வளைவு வளைவான தூண்கள் சூழ ஒரு பெரிய குளம், ஜன்னல்களில் வர்ணக் கண்ணாடி. ராஜாக்கள் குளிக்கும் இடம்போல இருந்தது. "பெண்கள் எங்கே குளித்தார்கள்?" என்று பார்த்தால், பெரிய குளம் ஆண்களுக்கு மட்டுமாம்! பெண்களுக்குப் பக்கத்தில் சின்னத் தொட்டிகள். நம் வீடுகளில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு இலை போட்டுக்கொண்ட பெண்களை நினைத்துக்கொண்டேன். ஊரும் அப்படித்தான் இருந்திருக்கிறது. விடுதிகளில் பெண்களை வைத்து லைசென்ஸோடு நடந்துவந்த தொழிலை 1979-ல்தான் நிறுத்தினார்கள்.

அப்புறம் இந்த மாளிகை பாழடைந்து, புதர் மண்டிக் கிடந்தது. 1990-களின் மத்தியில் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் குழந்தைகளும் ஊரைப் பற்றிப் பாடம் படிக்க வெளியே கிளம்பியபோது இதைக் கண்டார்கள். "இதை இடித்துவிடாதீர்கள்" என்று மனுக் கொடுத்தார்கள். பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1997-ல் அது பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1998-ல் காட்சிசாலையாகத் திறந்தது. இந்த ஊரின் பெயரையே தாங்கிய ஹொகுடோலைட் என்ற அபூர்வக் கல்லையும் அங்கே பார்க்கலாம். பெய்டோவை ஜப்பானியர் ஹொகுடோ என்பார்கள். 1905-ல் ஒரு ஜப்பானியர் இந்த ஓடையில்தான் அதைக் கண்டெடுத்தார். வெந்நீரிலுள்ள உப்புக்கள் மெல்ல மெல்லப் படிந்து உண்டான கல். அதற்குள் கொஞ்சம் ரேடியமும் இருக்கிறது.

நான்காவது, வெந்நீரின் பிறப்பிடம். காட்சிசாலையிலிருந்து மேலே சிறிது தூரம் நடந்தால் ஒரு பள்ளத்தாக்கு. பச்சை நிறத்தில் தண்ணீர் கொதித்து ஆவி பறக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். எனக்கென்னவோ தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவில் அடிக்கும் வாடைதான் ஞாபகம் வந்தது. பூர்வகுடிகளின் பாஷையில் சூனியக்காரி என்று பொருள்படும் சொல்லிலிருந்தே பெய்டோ என்ற பெயர் வந்தது என்கிறார்கள். அந்த ஆவியைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. முன்னெல்லாம் ஜனங்கள் இங்கே முட்டை வேக வைத்துச் சாப்பிடுவார்களாம். சிலர் காலையும் வேக வைத்துக்கொண்டுவிட்டதால், இப்போது வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

இறங்கி வரும்போது கடையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கிக்கொள்ளுங்கள். தூறலில் அதைக் கையில் வைத்திருப்பதே ஒரு சுகம்.

இனி ஐந்தாவது. அது ஞாயிற்றுக்கிழமை. அக்கா, "வா, எங்கேயாவது போய்விட்டு வரலாம்" என்று துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். ரயில் நிலையத்திலிருந்து ஐந்தாறு நிமிஷ நடையில் ஒரு பூங்கா. அதில் கல்லால் கட்டிய ஆழமில்லாத தொட்டிகளில் வெந்நீர். யார் வேண்டுமானாலும் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம், காசு கிடையாது. முதலில் வெளியே காலை அலம்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு பாட்டிமார்கள் வரிசையாக உட்கார்ந்து ஊர் வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கென்று பெரிய குளம் கட்டிய அதே ஊரில்தான்!

நாங்களும் இடம் பிடித்து உட்கார்ந்தோம். முதலில் சுரீர் என்றது. பிறகு உடம்பெல்லாம் இளகிவிட்டது. ராத்திரி படுக்கப் போகுமுன் அம்மா பக்கெட்டில் வெந்நீர் விட்டு, ஒரு பிடி கல்லுப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள்வாள். "அப்பாடா!" என்பாள். எனக்கு அந்தக் குரல் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மாவை இங்கே உட்கார வைக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டேன்" என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "2020 மார்ச்சுக்கு டிக்கெட்கூட எடுத்தாச்சு. நானே வந்து கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அதற்குள் எல்லாம் மூடிவிட்டார்கள்."

"என்னிடம் அம்மா சொல்லவே இல்லையே?"

"முழங்கால் வலியோடு எங்கே போகிறாய் என்று நீ தடுத்துவிடுவாயாம். 'கிளம்புவதற்கு முதல் நாள் சொல்லிக்கொள்ளலாம், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றாள்."

எனக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. அம்மா போன பிறகு அவள் பெட்டியை ஒழித்தபோது, புடவைகளுக்கு அடியில் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை இருந்தது. விலைச் சீட்டுக்கூடப் பிரிக்கவில்லை. சென்னை வெயிலில் அம்மாவுக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. யாரோ கொடுத்ததாக்கும் என்று திருப்பி வைத்துவிட்டேன்.

அதை அக்காவிடம் சொன்னேன். "நான்தான், இங்கே குளிரும், வாங்கி வைத்துக்கொள் என்றேன்" என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. நானும் அழுதேன். எதிரே இருந்த ஒரு பாட்டி சற்று நேரம் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினாள். வெந்நீர் கொஞ்சம் அதிகச் சூடு என்று நினைத்தாளோ என்னவோ!

"அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அக்கா" என்றேன்.

"போடி, பைத்தியம்!" என்றாள் அக்கா. தண்ணீருக்குள் தன் காலால் என் காலை ஒரு தட்டுத் தட்டினாள். சின்ன வயதில் சாப்பிடும்போது பலகையடியில் தட்டுவாளே, அதேபோல.

மீதியிருந்த நாட்களிலும் சாயங்காலம் அங்கே போனோம். தைப்பேயில் உயர்ந்த கோபுரக் கட்டடம் இருக்கிறதாம், பெரிய அருங்காட்சியகம் இருக்கிறதாம். நான் எதையும் பார்க்கவில்லை. அத்தானுக்கு அதில் மகா வருத்தம்.

உங்களில் யாருக்காவது அந்தப் பக்கம் போக வாய்ப்புக் கிடைத்தால் பெய்டோவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். காட்சிசாலையும் பள்ளத்தாக்கும் மூடியிருக்கும். துண்டு ஒன்று எடுத்துப் போங்கள். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் முடிந்தவரை அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

திரும்பி வந்ததும் முதல் காரியமாக அந்தக் காலுறைகளை அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். போன வாரம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அதில் முகம் இல்லை. கம்பளிக் காலுறை போட்ட இரண்டு கால்கள் மட்டும்.